ரீச்சர் வீட்டு முகட்டுவளை

அன்று என் அண்ணையின் தோளில் ஒரு தும்புக் கயிறு கிடந்தது. அதில் இரண்டு முடிச்சுகள். நடுவே பதினெட்டு அடி. எதையும் கடதாசியில் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தன் வீட்டு முற்றத்தில் கட்டப்போகும் பாய்ப்படகுக்கு ஏரா, அதாவது படகு முழுவதையும் தாங்குகிற அடிமரம், அந்த நீளத்துக்கு வேண்டும். புங்குடுதீவில் என் படலையடியில் சைக்கிளை நிறுத்தியவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பக்கத்து வளவைப் பார்த்தார். பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. அண்ணை இருக்கும் ஊர்காவற்றுறைக் கரையில் மீன்பிடி இயந்திரப் படகுகள் எல்லாம் சும்மா கிடந்தன. அண்ணை வீட்டில் ஒரு நேரம்தான் உலை வைத்தார்கள். காற்றுக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டு பாய்ப்படகு கட்ட இறங்கிவிட்டார் மனிசன். படகின் விலா எலும்புகளுக்கு வளைந்த வேப்பங்கொப்புகள் சரவணையில் கிடைத்தன. வேலணையில் உடைந்து கிடந்த பழைய வள்ளம் ஒன்றிலிருந்து பலகையும் செப்பாணியும் கழற்றி வந்தார். பொருத்துகளில் அடைக்கப் பஞ்சும் குங்கிலியமும் சேர்த்து வைத்தார். ஏரா மட்டும்தான் இல்லை. வன்னியிலிருந்து மரம் ஏற்றி வரும் லொறிக்கு டீசல் இல்லை. மரக்காலைகள் வெறுமையாய்க் கிடந்தன.

பக்கத்து வீடு ரீச்சருடையது. எனக்கு எழுத்துப் படிப்பித்தவர். மகனோடு கனடாவுக்குப் போனபோது வீடு பூட்டிய திறப்புக் கோர்வையை என் கையில் வைத்து, “உன்னை நம்பித்தான் போறன், பிள்ளை” என்றார். ஆளில்லாத வீடுகளில் கதவும் நிலையும் களவு போகிற ஊர் இது. நான் அந்த வளவை நாய் மாதிரிக் காத்தேன். ஒரு மாரி மழையில் பின்பக்கத்து நீளச் சமையல் குசினியின் கூரை சரிந்தபோது உடையாத ஓடுகளைக்கூடப் பொறுக்கி அடுக்கினேன். அந்தக் குசினியின் முகட்டுவளை, கூரையின் உச்சியில் நீளத்துக்கு ஓடுகிற உத்திரம், நல்ல முதிரை மரம். ஒரு தலைப்பு நிலத்திலும் மற்றது சுவரிலுமாகச் சரிந்து கிடந்தது. இன்னொரு மாரி கண்டால் கறையான் தின்றுவிடும் என்றார் அண்ணை. உண்மைதான். ஆனாலும் அது எங்களுடையதல்லவே.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றே கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ரீச்சர் முதலில் கேட்டதே வீட்டு மரம் ஒன்றும் களவு போகவில்லையே என்பதுதான். இல்லை என்றேன். பிறகு மழை, முருங்கை, விலைவாசி எல்லாம் கதைத்தோம். வளையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். வேண்டிய நேரத்தில் அது செத்துப் போயிற்று. அடுத்த நாள் அண்ணை வந்து, ரீச்சர் என்ன சொன்னா என்று கேட்டார். பிள்ளைகளுக்கு அரிசி இருக்கிறதோ என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். “எடுங்கோ அண்ணை” என்றேன். ரீச்சர்தான் தந்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை.

இரண்டு சைக்கிள்களின் கரியர்களில் வளையைக் கட்டி, முன்னால் அவரும் பின்னால் நானுமாய்த் தாம்போதித் தெருவால் உருட்டினோம். பட்டப்பகல். இரண்டு பக்கமும் கடல். ஒளிய ஒரு பற்றைகூட இல்லை. வேலணைக் கரை ஏறியதும் ஒரு பொலிஸ்காரர் மறித்து, மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். “எங்கடை ரீச்சர் தந்தவ” என்றார் அண்ணை, தலையை நிமிர்த்திக்கொண்டு. பொலிஸ்காரர் கையைக் காட்டிப் போகவிட்டார்.

படகு கடலில் இறங்கியது. அண்ணை வீட்டில் மூன்று நேரமும் உலை கொதித்தது. அடுத்த ஆடியில் ரீச்சர் வந்து இறங்கினார்.

குசினிக்குள் போனவர் வளை எங்கே என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் எத்தனையோ நாள் பாடமாக்கி வைத்திருந்தேன். “கள்ளர் கொண்டு போட்டாங்கள், ரீச்சர்” என்று வந்தது வாயிலிருந்து. அது அவருடைய ஐயா ஏற்றி வைத்த வளையாம். விடியப் பொலிசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து அழுதார்.

அண்ணைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப நீ அவவைக் கேக்கவே இல்லையோ?”

“இல்லை, அண்ணை.”

விடிந்ததும் அவர் ரீச்சரின் முற்றத்தில் நின்றார். தான்தான் மதிலேறிக் குதித்து வளையைத் திருடியதாகச் சொன்னார். “தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது, ரீச்சர்.”

அந்தப் பாரத்தைத் தனியாகவோ தூக்கினாய் என்று ரீச்சர் கேட்டார். ஓம், தனியத்தான் என்றார் அண்ணை. ரீச்சர் என் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியாதோ என்றார். அண்ணை என்னைப் பார்க்கவேயில்லை. தெரியாது என்றேன்.

பொலிசுக்குப் போகவில்லை அவர். இனி இந்த வளவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அண்ணை தலையாட்டிவிட்டுப் போனார். திறப்புக் கோர்வை திரும்பவும் என்னிடமே வந்தது. ஊர் அண்ணைக்கு வளைக்கள்ளன் என்று பட்டம் வைத்தது. அவர் என்னிடம் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால், ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

போன கிழமை ரீச்சர் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தார். வளவு, கிணறு எல்லாம் விசாரித்துவிட்டு, “உன்ரை கொண்ணன் இப்ப அந்தப் பக்கம் வாறவனோ?” என்றார்.

அண்ணை அப்போது படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் எனக்காகக் கொண்டுவந்த மீன் பை. நான் பேசுவது அவருக்குக் கேட்கும் தூரம்தான்.

“வாறேல்லை, ரீச்சர். நாங்கள் அவரோடை கதைக்கிறேல்லை.”

அண்ணை நின்றார். பையை வேலியில் கொழுவிவிட்டுப் படலையைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். நான் கூப்பிடவில்லை. ரீச்சர் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.