பிளேட்டைக் கழற்றுகிறவன்

நாளை மறுநாள் மாவட்டக் கபடி டீமுக்குத் தேர்வு. ராஜா ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு கம்பியின் ஒரு முனையில் பிளேட்டை மாட்டுகிறான். நான் மறு முனையில் கழற்றுகிறேன். சீசனில் ஜிம் வேலை என்றால் இதுதான். என்னை மாதிரி இந்த வேலையில் சிக்கிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: வெயிட் ஏற்ற ஆள் வேண்டாம், இறக்கத்தான் ஆள் வேண்டும்.

யாரைத் தூக்க?

பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு அறந்தாங்கியில் ஒரு ஜிம்மில் வேலைக்குச் சேர்ந்தேன். ராஜா என்கூடப் படித்தவன், கபடியில் ரெய்டு போகிறவன். மேட்ச் நடக்கிற மாதங்களில் புதிதாகப் பலம் ஏற்றக் கூடாது, இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்பார் எங்கள் மாஸ்டர். அதை நான் சொன்னால் எவன் கேட்கிறான்? ராஜா கத்தினான்: “இப்பத் தூக்காம, சீசன் முடிஞ்சு யாரைடா தூக்கப் போறேன்?”

மாமன் ஊர் மேட்ச்

தொடை பிடித்துக்கொண்டது போன வாரம். பொன்னமராவதிப் பக்கம் அவன் மாமா ஊரில் மேட்ச். முந்தின நாள்தான் வேறு ஊரில் ஆடியிருந்தான். “ஒரு நாள் படுத்துத் தூங்குடா” என்றேன். தலையை ஆட்டிவிட்டு அங்கிட்டு பைக்கில் போய்விட்டான். நொண்டிக்கொண்டு வந்தவனைத் திட்டிக்கொண்டே ஐஸ் வைத்தேன். அவனோ சிரிக்கிறான்: “மாமன் கூப்பிட்டு, அலுப்பா இருக்குன்னா பொண்ணு குடுப்பாங்களாடா?”

வெள்ளிக்கிழமை போன்

பிளேட் சண்டையில் நான் ஜெயித்து, இரண்டு பக்கமும் கழற்றி முடித்த நேரம் ராஜாவின் போனில் வீடியோ கால் வந்தது. குவைத்திலிருந்து அவன் அப்பா. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நான்தான் எடுத்தேன்.

“தம்பி, ரூம்ல எல்லாரும் இருக்காங்க. கேமராவ பிளேட்டுப் பக்கம் திருப்புப்பா. எம்புள்ள எம்புட்டுத் தூக்குறான்னு காட்டணும்.”

வெள்ளிக்கிழமையானால் மட்டும் இவன் ஏன் பிளேட்டோடு மல்லுக்கட்டுகிறான் என்று அப்போதுதான் புரிந்தது. வெறும் கம்பியைப் பார்த்துவிட்டு, “மாட்டுடா” என்று கண்ணாலேயே கெஞ்சினான். நான் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

“என்னடா, மூஞ்சி வாடிக் கெடக்கு?”

“தொடை புடிச்சிருக்குப்பா. ஞாயித்துக்கெழம செலக்சன்.”

“அப்ப அதத் தொடாத. நீ எம்புள்ளைன்னு தூக்கித்தான் காட்டணுமா?”

இந்த வேலையில் நான் ஒழுங்காகச் செய்தது ஒன்றே ஒன்றுதான்: பிளேட்டைக் காட்டச் சொன்னார், காட்டவில்லை.