மாமா பெருப்பித்த மெசின்

எங்கள் வீட்டில் யாரும் என் மேல் பழி போட்டதில்லை. போட்டிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. உரும்பிராயில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த சின்ன மெசின், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது. புதியது வாங்க வழியில்லாத காலம். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, அதைப் பெருப்பிக்கப் போவதாக அறிவித்தார். உடைந்த பெரிய மெசினொன்றின் கிராங்கைக் கடைந்து இதற்குள் போட்டால் பிஸ்டன் கூடுதல் தூரம் ஏறி இறங்கும், இழுவை கூடும் என்பது அவர் கணக்கு. என் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசித் தாளில் பட்டியல் போட்டார்: கிராங், பிஸ்டன், அதைச் சுற்றிப் போடும் றிங், காஸ்கட், கடைச்சல் கூலி. எதிரே விலைகள். மொத்தத்தைப் பார்த்த ஐயா, என் அப்பா, "உந்தக் காசுக்கு ஒரு பசு வாங்கலாம்" என்றார்.

அம்மாதான் விடாப்பிடியாக நின்று சம்மதிக்க வைத்தார். மெசினைப் பற்றி அம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மாமாவோடு படித்த மூன்று பேர் அந்த வருடம் சொல்லாமல் கொள்ளாமல் இயக்கத்துக்குப் போயிருந்தார்கள். மாமாவை வீட்டில் நிறுத்தி வைக்க ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. "அவன் ஆறுதலாய்ச் செய்யட்டும், அவசரப்படுத்தாதேங்கோ" என்று ஐயாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெங்காயம் ஆறுதலாக இருக்கவில்லை. மெசின் கழற்றிக் கிடக்க, ஐயா பக்கத்துத் தோட்டக்காரர் இறைத்து முடியும்வரை வரம்பில் காத்து நின்று இரவல் தண்ணீர் வாங்கினார். அது போதவில்லை. வெங்காயத் தாள்கள் நுனி கருகின. ஐயாவும் மாமாவும் முகம் பார்த்துக் கதைப்பதை விட்டார்கள். பட்டியலில் மிச்சம் றிங் மட்டும்தான். கொழும்புக்குப் போய்வரும் உறவினர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தது. "இன்னும் வரேல்லையாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அரிசி அளக்கப் பானைக்குள் கையை விட்டேன். எண்ணெய்த் தாளில் சுற்றிய பொதி ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தால், றிங். ஈரம் பட்டுக் கறள் பிடிக்காமல் அரிசிக்குள் வைத்துவிட்டு அம்மா மறந்துபோனார் என்று நினைத்தேன். இனி வீட்டில் சண்டை இல்லை என்ற சந்தோஷத்தில் ஒரே ஓட்டமாக ஓடினேன்.

"மாமா, இஞ்சை! றிங் வந்திட்டுது!"

மாமா பொதியைப் பார்த்தார். பிறகு குசினி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"எங்கையடி எடுத்தனி?" என்றார் அம்மா.

"அரிசிப் பானைக்குள்ளை."

மாமா பொதியை வாங்கிக்கொண்டு மெசினடிக்குப் போனார்.

மூன்றாம் நாள் மெசின் ஓடியது. தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஐயா மாமாவின் முதுகில் தட்டி, "கெட்டிக்காரனடா நீ" என்றார். நானே ஓட்டிக் காட்டியதைப் போலத் துள்ளினேன். அடுத்த நாள் விடிய மாமா வீட்டில் இல்லை. அவருடைய சைக்கிள் மட்டும் மாமரத்தில் சாத்தியிருந்தது. அவர் பிறகு வரவேயில்லை.

அந்த முறை வெங்காய விளைச்சல் அள்ளிக் கொட்டியது.

அம்மா ஒருநாளும் என்னை ஏசவில்லை. ஐயா மெசினை ஸ்டார்ட் பண்ணியதும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருக்கும். தோட்டத்துக்கு ஓடிப்போய்ச் சத்தம் போட்டுச் சொல்லுவேன்: "ஐயா, கொஞ்சம் மெதுவாய் ஓட்டுங்கோ. அம்மாவுக்குத் தலையிடிக்குது!"