பிலோமினா அக்கா போன ராத்திரி

கடலுக்குப் போன மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல், இந்த மலைமேல் நான் இட்லி அவித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தவிப்பைச் சொல்லத்தான் இந்தச் செபக்கூட்டத்தில் எழுந்து நிற்கிறேன், சகோதரங்களே.

நாங்கள் கடற்கரைக் கிராமத்து ஆட்கள். ஒரு புயலில் கூரையும் வலையும் போனபிறகு, வட்டக்கானலில் ஒரு விடுதிக்குச் சமையலுக்கு வந்தேன். வீட்டுக்காரர் கடலை விட்டு வரமாட்டேன் என்று ஊரிலேயே இருந்துகொண்டார். ஐப்பசி, கார்த்திகை வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். பயந்து பயந்தே அலுத்துப்போனேன்.

மாதாவிடம் தினமும் ரெண்டு காரியம் கேட்பேன். அவர் பத்திரமாய்க் கரை சேரணும். ஊரில் படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா எழுந்து நடமாடணும். வீடு போனபோது எங்களுக்குக் கஞ்சி ஊற்றியது அந்த அக்காதான்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அவர் போன் பண்ணினார். விடியக்காலை ஆழ்கடலுக்குப் போகிறோம், திரும்ப நாலைந்து நாள் ஆகும் என்றார். அன்று ராத்திரியே இங்கே மழையில் மரங்கள் சாய்ந்து கரண்டும் டவரும் போய்விட்டன. மறுநாள் கொடைக்கானலிலிருந்து நடந்து வந்த ஒருவர், புயல் திசை மாறி எங்கள் கரைப்பக்கம் அடிக்கிறதாம் என்றார்.

கூட வேலை பார்க்கும் கிளாவரை ஊர்க்காரி முருகாயி என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீ போய்ச் செபம் பண்ணுக்கா. சோலிய நான் பாத்துக்கிறேன். எங்க முருகங்கிட்டயும் சொல்லிருக்கேன்."

செபம் வரவில்லை. "மாதாவே, முடியலை" என்பது மட்டும்தான் வந்தது. அதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

ஒருவழியாக டவர் வந்ததும் அவரே கூப்பிட்டார்.

"நான் கரையிலதான் இருக்கேன். கடலுக்கே போகல. அன்னைக்கு ராத்திரி பிலோமினா அக்கா எறந்துருச்சு."

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. அக்காவைக் கல்லறைக்குக் கொண்டுபோகும்போதே காற்று மாறிவிட்டதாம். விடியக்காலை கிளம்ப இருந்த அத்தனை ஆம்பளைகளும் அவள் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள்.

சந்தோஷத்தில் அழுதேனா, துக்கத்தில் அழுதேனா, இன்றைக்கும் தெரியவில்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டீரே என்று ஆண்டவரிடம் சண்டைகூடப் போட்டேன். அப்புறம்தான் நன்றி சொல்ல வாய் வந்தது.

இப்போதும் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார். புயலும் வரத்தான் செய்யும். ஆனால் படுத்தால் தூங்குகிறேன். நீங்களும் முடியாதபோது, முடியலை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது போதும். சொல்லிவிட்டு, எங்கள் பிலோமினா அக்காவுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள்.