நாலேகால் அங்குலம்

“நாலேகால். செவ்வாய். பாய் கடை. முன் சீட்.” கல்லூரி நூலகத்துப் பழைய சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில், சிவப்பு மையில், அத்தையின் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான். தேதி இல்லை, ஆண்டும் இல்லை. அத்தை எதற்கும் கிழமையை மட்டுமே எழுதுவார். காரின் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து இந்தச் சீட்டு கிடைத்த அன்று, அது எந்த நாள் என்று கண்டுபிடிக்க என் நாட்குறிப்புகளைப் புரட்டினேன். ஒரு நாள் விடாமல் எழுதுகிறவன் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொள்பவன் நான். ஒரே ஒரு வாரம் மட்டும் ஏழு பக்கங்களும் வெறுமையாக இருந்தன. புரட்டாசி மாதத்து வாரம் அது. அந்த வெறுமையே நாளைக் காட்டிக்கொடுத்தது. எழுத மறந்த வாரமல்ல அது. கோபத்தில் எழுத மறுத்த வாரம்.

கார் தாத்தாவுடையது. நாற்பதுகளின் கடைசியில் கப்பலில் வந்த அமெரிக்கக் கார், கறுப்பு நிறம், அலமாரியைப் படுக்கவைத்தது போன்ற உடம்பு, அதன்மேல் ஒரு உயரமான கூரை. தாத்தா வக்கீல். பஞ்சகச்சமும் கறுப்புக் கோட்டும், டின் பெட்டியில் ரசகற்பூர உருண்டைகளோடு வாழ்ந்த தைத்த தலைப்பாகையும் அவருடைய சீருடை. மயிலாப்பூர் வீட்டிலிருந்து கோர்ட்டுக்குப் போகும்போது தலைப்பாகையைக் கழற்றாமலே பின் சீட்டில் உட்காருவார். அந்தக் கூரைக்காகத்தான் அவர் மற்ற கார்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதை எடுத்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை. முன் சீட்டு டிரைவருக்கும் ஆண் பிள்ளைகளுக்கும். பெண்கள் பின்னால், ஜன்னலில் திரை போட்டு. அத்தை இருபது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். தாத்தா பின் கதவைத் திறந்துவிட்டாராம்.

தாத்தா போன பிறகு கார் ஷெட்டிலேயே கிடந்து துருவேறியது. பாகம் பிரித்தபோது அப்பாவும் சித்தப்பாவும் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த கடைசித் தங்கைக்கு, சிரித்துக்கொண்டே அந்தத் துருப்பிடித்த இரும்பை எழுதிக்கொடுத்தார்கள். அத்தை அந்தச் சிரிப்பையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற மறு மாதம் காரை ஆழ்வார்பேட்டைச் சந்து ஒன்றில் டிங்கர் வேலை செய்யும் பாயிடம் கொண்டுபோய் நிறுத்தினார். பழைய என்ஜின் செத்துப்போயிருந்ததால் வேறு பெரிய என்ஜின் ஏறியது. பின் சக்கரங்கள் அகலமாயின. பானெட்டின் பக்கத் தகடுகள் கழன்றன. பழைய காரை வேகத்துக்காக வெட்டி மாற்றி, ஹாட் ராட் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிற வண்டி அது என்று, கல்லூரி நூலகத்தில் இளமையில் பார்த்த பத்திரிகைப் படங்களை நினைத்து எனக்கு விளக்கினார். மிச்சமிருந்தது கூரைதான். அதைத் தாங்கும் தூண்களை, பாய் சொல்கிற பில்லர்களை, வெட்டிக் கூரையைக் கீழே இறக்க வேண்டும்.

பழைய கார்ப் பிரியர்கள் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அது ‘அப்பா கார்’ ஆயிற்று. அதுவரை யாரும் அதன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கூரையை வெட்டக் கூடாது என்று சித்தப்பா அத்தைக்கு ஒரு கடிதம் தயாரிக்கச் சொன்னார். தயாரித்தவன் நான். குடும்ப வரலாறு, பாரம்பரியம், வருங்காலச் சந்ததி என்று எட்டு அம்சங்கள். அது ஆறாம் நாள் தபாலில் திரும்பி வந்தது, பரீட்சைத் தாளைப் போல் திருத்தப்பட்டு. இரண்டு ஒற்றுப்பிழைகள் சுழிக்கப்பட்டிருந்தன. ‘தலைப்பாகைக்காகவே தாத்தா இந்தக் காரைத் தேர்ந்தெடுத்தார்’ என்ற மூன்றாம் அம்சத்தின் எதிரே ஒரே ஒரு சொல்: “ஆதாரம்?” என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தக் கோபம்தான் என்னைச் சித்தப்பாவோடு அந்தச் செவ்வாய்க்கிழமை பாய் கடைக்கு அனுப்பியது.

நாங்கள் போனபோது அத்தை பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நாலடி பத்து உயரம், நரைத்த சிறு கொண்டை, மடியில் ஒரு துணிப்பை. பாய் வெளியே நின்று, அவர் தலைக்கு மேலிருந்த இடத்தை டேப்பால் அளந்து பில்லரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“அஞ்சு இன்ச்சு தாராளமா எறக்கலாம்மா. உங்க தலைக்கு மேல ஒரு மாடியே காலியா கீது.”

“பாய், நான் எங்க உக்காருவேன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“இன்னாம்மா இது, ஓனரம்மா பின்னாடிதானே குந்துவாங்க? டிரைவர் யாரு?”

“நான்தான்.”

பாய் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு உரக்கச் சிரித்தார். “அப்ப மொத்த அளவும் தப்பு! எறங்குங்க, முன்னாடி வந்து குந்துங்க.” போட்ட கோட்டை முழங்கையாலேயே அழித்தார். இத்தனை ஆண்டுகளாக இப்படிப்பட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தியவர். ஒரு அம்மாள் வந்து நின்றால் பின் கதவைத் திறப்பது அவர் கைக்குப் பழகிப்போயிருந்தது. எங்கள் எல்லோர் கையும் அப்படித்தான்.

ஸ்டியரிங்குக்கு மேலே பார்வை எட்டுவதற்காக அத்தை முன் சீட்டில் ஒரு திண்டு போட்டிருந்தார். அதனால் தலை உயர்ந்தது, கணக்கு மாறியது. பாய் மூன்று என்றார். “பள்ளத்துல வுட்டா தலை இடிக்கும்மா, மூணு போதும்.” சித்தப்பா ஒரு நூல்கூட இறக்கக் கூடாது என்றார். அத்தை துணிப்பையைத் திறந்தார். ரசகற்பூர வாடை எனக்கு எட்டியது. தாத்தாவின் தலைப்பாகையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்து, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். 

“இது அப்பாவோட தலையில இருந்ததுடீ!” சித்தப்பாவின் குரல் உடைந்தது. “இதைப் போட்டுண்டு நீ... யாராவது பார்த்தா என்ன சொல்லுவா?”

“அண்ணா, அன்னிக்கு அப்பா பின் கதவைத் திறந்துவிட்டாரே, அப்போ முன் சீட்ல உக்காந்துண்டிருந்தது யாரு? நீதானே. நீ ஒரு வார்த்தை சொன்னியா?”

சித்தப்பா சந்தின் கோடிவரை நடந்துபோய் அங்கேயே நின்றுவிட்டார். அத்தை பாயிடம் தலைப்பாகைக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டார். பாய் கையை நுழைத்துப் பார்த்து இரண்டு விரல் என்றார். “சரி. தலைப்பாகையைக் கழட்டினப்புறமும் அதே ரெண்டு விரல்தான் இருக்கணும். மிச்சத்தை வெட்டிடுங்கோ. அது அப்பாவுக்குன்னு விட்ட இடம். அவர் வரப்போறதில்லை.”

“ஒரு தபா வெட்டினா வெட்டினதுதாம்மா. பழையபடி வராது. வூட்ல பேசிக்கினு வாங்களேன்.”

“எங்காத்துல பேசினதெல்லாம் போறும், பாய்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீதான் எல்லாத்துக்கும் தேதி போட்டு எழுதறவனாச்சே. அளவை எழுதிக்கோ.” பேனா என் சட்டைப் பையில் இருந்தது. நான் எழுத மாட்டேன் என்றேன். அத்தை கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவையும் இந்தச் சீட்டையும் எடுத்துத் தானே எழுதிக்கொண்டார்.

வெட்டிய காரை அத்தை பல ஆண்டுகள் ஓட்டினார். அனுமதிக் காகிதத்துக்கு அவர் அலைந்தது தனிக் கதை. அடையாறு பாலத்துச் சிக்னலில் ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தேன். பைக்கில் இருந்த இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். “செம வண்டி ஆயா! கூரையை யாரு அமுக்கினது?” என்றான் ஒருவன். “யாரும் அமுக்கலைடா, நான்தான் வெட்டி எறக்கினேன்” என்று சொல்லிவிட்டு, பச்சை விழுந்ததும் அவர்களை முந்திப் போனார். அந்த வேகத்தை இங்கே எழுதுவது உசிதமல்ல.

அவர் காரை எனக்கு எழுதி வைத்தார். எதிர்த்துக் கடிதம் எழுதியவனுக்கு ஏன் என்று முதலில் புரியவில்லை. நான் ஆறடி. ஏறும்போதெல்லாம் கழுத்தை வளைத்துத்தான் உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் அத்தை எங்கிருந்தோ சிரிப்பதாகத் தோன்றும். பழைய கார் அணிவகுப்பு நடத்துகிற ஒருவர், கூரையைப் பழையபடி உயர்த்தினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். சித்தப்பாவின் பிள்ளையும் போனில் கேட்டான்: “ஏத்திடலாமே அண்ணா, தாத்தா கார்தானே?” தாத்தா கார் இல்லை என்றேன். அத்தை கார். கழுத்து என்னுடையது, நான் வளைத்துக்கொள்கிறேன். கூரை இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. சென்ற வாரம், காரோடு என்னிடம் வந்த தாத்தாவின் டின் பெட்டியைத் திறந்து, அத்தையின் எஃகு ஸ்கேலாலேயே தலைப்பாகையை அளந்தேன். மூன்றே முக்கால் அங்குலம். மூன்று முறை அளந்தும் அதேதான். ஆனால் பில்லர்களில் வெட்டியது, சீட்டில் உள்ளபடி நாலேகால். துணி காலப்போக்கில் அமுங்கியிருக்கலாம். அன்று அத்தையின் கொண்டை தலைப்பாகையைச் சற்றுத் தூக்கியிருக்கலாம். அல்லது தாத்தாவின் இடத்தை எடுத்த பிறகு, அத்தை தன் கணக்கில் மேலும் அரை அங்குலம் எடுத்திருக்கலாம். நான் நம்புவது கடைசியைத்தான். ஆனால் பாயும் இப்போது இல்லை, கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை. அன்று எடுக்க மறுத்த பேனாவை எடுத்து, சீட்டில் அவருடைய சிவப்பு வரிக்குக் கீழே எழுதி வைத்தேன்: “அரை அங்குலம் கூடுதல். ஆதாரம் இல்லை.”