மெர்சி நறுக்கிய வெண்டைக்காய்

நாற்பது வயதை நெருங்கும் வரை மெர்சியின் கையில் யாரும் கத்தியைக் கொடுத்ததில்லை. பிறவியிலேயே அவளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. பேச்சு நிதானமாகத்தான் வரும், எண்ணிக்கை மனதில் தங்காது. திருவாலங்காட்டுப் பக்கம் கழனி வேலை செய்துவந்த அம்மா ரோசம்மாள்தான் மகளுக்குத் தலை வாரிவிடுவாள், சோறு பிசைந்து கொடுப்பாள், வாய் துடைத்துவிடுவாள். பாசத்தில் குறையே இல்லை. ஆனால் மாரடைப்பில் ரோசம்மாள் போய்ச் சேர்ந்தபோது, தட்டில் சோறு போட்டுக்கொள்ளக்கூட மெர்சிக்குத் தெரிந்திருக்கவில்லை.

தம்பி எபினேசர் அக்காவைக் கும்மிடிப்பூண்டிக்கு அழைத்துவந்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் அவனுக்கு வேலை. மனைவி ஈஸ்வரிக்குக் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஷிப்ட். வந்த புதிதில் ஒருநாள், அம்மாவைத் தேடிக்கொண்டு மெர்சி நெடுஞ்சாலைக்கே போய்விட்டாள். கன்டெய்னர் லாரிக்காரர் ஒருவர் பிரேக் அடித்து இறங்கி, கையைப் பிடித்து அழைத்துவந்து டீக்கடையில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு, இருவரும் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே டிவி ஓடும். சோறும் தண்ணீரும் எடுத்துவைத்திருக்கும். கம்பெனி வண்டியில் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஈஸ்வரிக்குப் பக்கத்தில் இருப்பவளிடம் பேசவே பிடிக்காது.

கூட வேலை செய்கிறவள் ஒருத்திதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றிச் சொன்னாள். சர்ச்சுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதை ஒட்டிக் கொஞ்சம் மண். மெர்சியைப் போன்ற பெரியவர்களுக்குத் தோட்ட வேலையும் சமையலும் கற்றுக்கொடுக்கிறார்கள். வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

"எனக்கே சமைக்கத் தெரியாதுங்க. பத்தொம்பது வயசுலேர்ந்து கேன்டீன் சோறுதான்" என்றாள் ஈஸ்வரி, வகுப்பை நடத்தும் சோனியாவிடம்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிங்க" என்றார் சோனியா.

முதல் நாள் வெண்டை விதை ஊன்றினார்கள். மெர்சி குழியில் விதையைப் போட்டுவிட்டு, மறுபடி தோண்டி அது இருக்கிறதா என்று பார்த்தாள். மூடினாள். மறுபடி தோண்டினாள். பொறுக்க முடியாமல் ஈஸ்வரி குனிந்து தானே மண்ணைத் தள்ளப்போனாள்.

"ஈஸ்வரி, கையைப் பின்னால கட்டிக்கினு நில்லுங்க" என்றார் சோனியா. "செஞ்சு காட்டலாம். அவங்க வேலைய நீங்க செய்யக் கூடாது."

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒயர் கட்டுவதைவிடக் கடினமாக இருந்தது ஈஸ்வரிக்கு.

வீட்டுப் பின்பக்கம் பழைய பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி அங்கும் விதை போட்டார்கள். ஆலைகளிலிருந்து வரும் கரித்தூள் இலைகளில் படியும். மெர்சி ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். பூ விட்டது, காய் வந்தது. கொட்டகையில் சமையல் பாடம் தொடங்கியபோது, ஈஸ்வரி அவசரமாகக் கழுவி, ஈரம் காயாமலே நறுக்கிப்போட்ட வெண்டைக்காய் வாணலியில் கொழகொழவென்று பசையானது. மெர்சியோ ஒவ்வொன்றையும் துடைத்து, காயவைத்து, பிறகுதான் நறுக்கினாள். துண்டுகள் பெரிதும் சிறிதுமாகத்தான் இருந்தன. ஆனாலும் பதமாக வதங்கின.

"ஈசு, உன்னுது ஒட்டுது" என்றாள் மெர்சி.

"ஆமா, ஒட்டுது. நீயே நறுக்கு, அக்கா." ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன பிறகு மெர்சியும் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வாளிச் செடிகளைப் பார்க்க ஒருநாள் வீட்டுக்கு வந்த சோனியா, கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். திட்டவில்லை.

"அடுப்பு பத்தவைக்கக் கத்துக் குடுத்துட்டு வெளிய பூட்டிட்டுப் போனா, உள்ள ஏதாவது ஆச்சுன்னா அவங்க எப்டி வெளிய வருவாங்க?"

எபினேசர் தலையைக் குனிந்துகொண்டான். "ரோடு பக்கத்துலயே கீதுங்க. எங்க அம்மா மாதிரி கூடவே இருக்க எங்களால முடியல. எனக்கு பயம்."

"பயம் இருக்கட்டும். தெருவையும் கத்துக் குடுங்க."

அதன்பின் மாலை நேரங்களில் மூவரும் தெருவில் நடந்தார்கள். கோடியில் இருக்கும் டிரான்ஸ்பார்மர்தான் எல்லை. அதுவரை போய்த் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். வழியில் ஒவ்வொரு வீட்டிலும் நின்று பெயர் சொல்லிப் பேசினார்கள். அதுவரை ஈஸ்வரிக்கே அந்தத் தெருவில் பாதிப் பேரைத் தெரியாது. மழைக்காலம் முடிந்த பிறகு, எபினேசர் பூட்டைக் கழற்றி அலமாரிக்குள் போட்டான்.

சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகப் போயின. ஒருநாள் காலை ஷிப்ட் முடித்து மத்தியானம் ஈஸ்வரி வந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே மெர்சி இல்லை, பின்பக்கமும் இல்லை. வாளிச் செடிகளில் காய்கள் பறிக்கப்பட்டிருந்தன. செருப்பைக்கூடப் போடாமல் நெடுஞ்சாலைக்கு ஓடினாள். டீக்கடையில் கேட்டாள். லாரிகளுக்கு நடுவே நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பூட்டைக் கழற்றியதால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்தாள். திரும்பி வரும்போது, டிரான்ஸ்பார்மருக்கு முந்தின வீட்டிலிருந்து ஒரு பேச்சுக்குரல்.

"இன்னும் கொஞ்சம் தொடைக்கணும்."

அது, மாலை நடையில் பழக்கமான சந்திரகலாவின் வீடு. வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு இருந்தாள் சந்திரகலா. அவளுக்கு வெண்டைக்காய் கொடுக்கப் போன மெர்சி, கட்டைப் பார்த்துவிட்டு, தானே தரையில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கத்தினாள். "சொல்லிக்கினு போகக் கூடாதா அக்கா? எம்மாம் பேஜாரு பண்ணிட்டே! ரோடெல்லாம் தேடிக்கினு வரேன்!"

மெர்சி கத்தியைக் கீழே வைத்தாள். யோசித்துப் பதில் சொன்னாள். "நீ வேலைக்குப் போனே. தம்பியும் போனான். யாராண்ட சொல்றது?"

சந்திரகலாதான், "என்னாண்ட சொல்லட்டும். எங்க போனாலும் எனக்கு ஒரு குரல் குடுத்துட்டுப் போ மெர்சி. நான் ஈஸ்வரிக்குப் போன் பண்றேன்" என்றாள். மெர்சி எல்லையைத் தாண்டவே இல்லை என்பது ஈஸ்வரிக்கு அப்புறம்தான் உறைத்தது.

இப்போது அந்தத் தெருவில் மெர்சியைத் தெரியாதவர்கள் இல்லை. சந்திரகலாவுக்குக் கை சரியாகிவிட்டது. ஆனாலும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மெர்சி அவளுக்குக் காய் நறுக்கப் போகிறாள். கொட்டகைக்குப் புதிதாக வருபவர்களுக்குக் காய் துடைக்கத் துணி எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

போன ஞாயிறு, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பை முதல் முறையாக முழுவதும் மெர்சியே வைத்தாள். ஈஸ்வரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எபினேசர் ஒரு வாய் வைத்ததும் அவன் முகம் மாறியது. ஆனாலும், "சூப்பர், அக்கா" என்றான்.

"பொய் சொல்லாத. உண்மையச் சொன்னாதான் அடுத்த வாட்டி அக்கா நல்லா வைக்கும்" என்றாள் ஈஸ்வரி.

எபினேசர் தயங்கினான். "உப்பு கொஞ்சம் தூக்கலாக் கீது, அக்கா."

மெர்சி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். "ஆமா, உப்பு. நாளிக்கி கம்மியாப் போடறேன். நீ மோர் ஊத்திக்கோ."

சொல்லிவிட்டு, தன் தட்டை எடுத்து, தானே சோறு போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.