கெப்புக்குப் பூட்டிய காற்றுக் குழாய்

எங்கள் கெப் என்னும் பிக்கப் வண்டியின் எஞ்சினுக்குக் கணவர் கூரை உயரத்துக்கு ஒரு காற்றுக் குழாய் பூட்டியபோது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இதால வேகம் கூடுமா?"

"இல்ல," என்று சிரித்தார்.

டிசம்பர் மழையில் கனமூலையிலிருந்து புத்தளம் போகும் பாதை மூழ்கிய நாளில்தான் எனக்குப் பிரசவ வலி கண்டது. வெள்ளம் பொனட்டைத் தொட்டது. மற்ற வாகனங்கள் நின்றுவிட்டன. எங்கள் எஞ்சினோ தண்ணீர் புகாமல், மேலிருந்து காற்றை இழுத்து உறுமிக்கொண்டு முன்னேறியது!

"நிப்பாட்டிராதீங்க!" என்று கத்தினேன்.

"நிக்காது. புள்ள டிசம்பர்ல எண்டு நீ சொன்ன அண்டைக்கே யோசிச்சுத்தான் இதப் பூட்டினேன்."

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மகள் சுகமாகப் பிறந்தாள்.

இவருக்கு அன்பாக நாலு வார்த்தை பேசத் தெரியாதே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்றோடு அந்தக் குறை போய்விட்டது.