நான் மெஷினாக இருந்த வருஷம்

சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கொம்பியூட்டர் புரோகிராம் எழுதினோம் என்றால் இப்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் அதைத்தான் செய்தோம். எங்களைச் சேர்த்து வேலை தொடங்கிய அண்ணை, நான், இணுவிலிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண். அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடுவோம். ஓர் ஆஸ்பத்திரியில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் புரோகிராம் அது.

மண்ணெண்ணெய் ஊற்றி ஜெனரேற்றரைக் கிழமைக்கு ஒரு நாள், ஒரு மணித்தியாலம்தான் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் கொப்பியில் எழுதி வாயால் ஓட்டிப் பார்ப்போம். தங்கச்சி தான் எழுதியதை வரிவரியாக வாசிப்பாள். நான்தான் மெஷின். அவள் சொன்னதை மட்டும் செய்து, விடையைச் சிலேற்றில் எழுத வேண்டும்.

வருஷம் முழுக்க ஒரே கூத்து. கொப்பியில் அழகாக ஓடியது கொம்பியூட்டரில் பிழையாக ஓடியது. காய்ச்சலுக்கு விழுங்கும் குளிசையின் தொகையைச் சேலைன் போத்தலோடு கூட்டிக் காட்டியது. எங்கே பிழை என்று தேடுவதற்குள் மணித்தியாலம் முடிந்துவிடும். திரும்பக் கொப்பியில் ஓட்டினால் எல்லாம் சரி. தங்கச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மார்கழியில் ஒருநாள் அண்ணை எங்களை இருத்தி, "இந்த வருஷம் எங்கை பிழைச்சது, வாற வருஷம் என்ன செய்யிறது எண்டு ஒவ்வொருத்தரா கதையுங்கோ" என்றார்.

"என்னாலைதான் பிழைச்சது" என்றாள் தங்கச்சி. "இருந்த எண்ணெயெல்லாம் என்ரை பிழையிலை முடிஞ்சுது. எனக்கு உது சரிவராது அண்ணை. நான் இனி வரமாட்டன்."

அண்ணை மறுக்கவில்லை. எங்கே பிழை என்று எனக்குத் தெரியும்.

ஒரு மருந்தை எண்ணி முடித்ததும் தொகையைப் பூச்சியமாக்கச் சொல்ல அவள் மறந்துவிடுவாள். நான் சொல்லாமல் கொள்ளாமல் சிலேற்றை அழித்துவிட்டு அடுத்த மருந்தைத் தொடங்குவேன். பிழை என்றால் அவள் முகம் வாடிவிடும், அதைப் பார்க்க எனக்கு மனம் வராது. முதலில் யோசிக்காமல்தான் செய்தேன். நிஜக் கொம்பியூட்டர் சொல்லாமல் அழிக்காது, எல்லாம் அதனால்தான் என்று ஐப்பசியில் பிடிபட்டது. பிடிபட்ட பிறகும் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சீ, என்ன மனுஷி நான்.

மார்கழியில் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் மொக்கு எண்டு நினைச்சு எத்தினை நாள் அழுதிருப்பன் அக்கா" என்றாள் தங்கச்சி. "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"ஓம். பிழை என்ரைதான்" என்று சொல்லி நான்தான் அழுதேன்.

வருகிற வருஷத்துக்கென்று அண்ணை ஒரே ஒரு முடிவை எழுதினார். இனித் தங்கச்சி மெஷின், நான் எழுதி வாசிக்க வேண்டும். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொங்கல் முடிந்து வேலை தொடங்கிய அன்று, அவள் வருவாளோ மாட்டாளோ என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். சிலேற்றை எடுத்துக்கொண்டு எதிரே இருந்தாள். நான் வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாம் வரியிலேயே நான் எதையோ சொல்லாமல் விட, அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும்தானே, அங்காலை போ" என்றேன்.

"மெஷினுக்கு ஒண்டும் தெரியாது அக்கா" என்றாள். "அவசரமில்லை, ஆறுதலாப் பாருங்கோ. நீங்கள் திருத்துமட்டும் நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."